பேரணி போதும், மே மாதம் வாங்க: கடலூர் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டக் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் மற்ற தன்னார்வக் குழுக்களிலும் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும், அவர்களை அழைத்துவரும் திட்ட அலுவலர்களான பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முதுநகரில் ஜெராக்ஸ் கடையும் அதோடு சேர்ந்த இ-சேவை மையமும் நடத்துகிறவள் நான். சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, கரண்ட் பில் எல்லாம் இங்கே நடக்கும். மே, ஜூன் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை காலேஜ் விண்ணப்பம்தான். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, பேனர் பிடித்துக்கொண்டு, உயர்கல்வி விழிப்புணர்வுப் பேரணி என்று நீங்கள் போகிற தெருவில்தான் என் கடையும் இருக்கிறது. லீவு நாளில் வீட்டில் படுத்துக்கொண்டு ஃபோன் பார்க்காமல், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காக வெயிலில் நடக்கிறீர்களே, அது பெரிய விஷயம். அதனால் இதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையின் கடைசியில் இரண்டு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டே வருவதைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அந்த வயசு அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது, நீங்கள் வருகிற மாதம் தப்பு, சொல்கிற செய்தியும் பழசு.

பழசு என்று ஏன் சொல்கிறேன் என்றால், படிப்பு நல்லது என்று யாராவது வந்து சொல்லித் தெரிந்துகொள்கிற நிலையில் இங்கே எந்த வீடும் இல்லை. சோனங்குப்பத்தில் கூடை தூக்கி மீன் விற்கிற அம்மா, மகள் மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதை ஒரு துணிப்பையில் வைத்து, மடியை விட்டு இறக்காமல் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் போய் கல்வியின் முக்கியத்துவத்தைச் சொல்ல நீங்கள் யார், நான் யார்? 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாடு முழுமைக்கும் 28.4. நாம் முன்னால் இருக்கிறோம், சரி. விட்டுப்போகிற மீதிப் பேர் மனசில்லாமல் விட்டுப்போகிறவர்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு வராதீர்கள். அவர்களில் நிறையப் பேர் விண்ணப்பத்துக்கும் அட்மிஷனுக்கும் நடுவில் எங்கேயோ தொலைந்துபோகிறார்கள், அந்த இடம் என் கடைக்கு ரொம்பப் பக்கம்.

கடைக்கு வருகிற பிள்ளை 'படிக்கலாமா வேண்டாமா' என்று கேட்பதே இல்லை. 'அக்கா, எதுக்குப் போடணும்?' இதுதான் கேள்வி. பெரும்பாலும் கூட ஒரு ஆள் இருப்பார், அப்பாவோ மாமாவோ, அவருக்கும் தெரியாது. எந்த காலேஜ், எந்தப் பிரிவு, முதல் ஷிப்டா இரண்டாவது ஷிப்டா, எதை முதல் விருப்பமாகப் போடுவது, எல்லாவற்றுக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது ஒரு பிள்ளையின் மூன்று வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் நான் முடிவு பண்ண வேண்டியிருக்கிறது. இது நான் செய்ய வேண்டிய வேலையா? நீங்கள் செய்தால் என் வருமானம் குறையும் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். குறையட்டும்.

மாதக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில், ரிசல்ட் மே மாதம் முதல் பத்து நாளுக்குள். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பமும் பொறியியல் விண்ணப்பமும் அதே மே மாதம்தான் ஓடும். அதே நேரத்தில் நம் கடற்கரையில் என்ன நடக்கிறது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், வீட்டில் காசு நடமாட்டம் இருக்காது, பாதி அப்பாக்கள் கேரளாப் பக்கம் போட் வேலைக்குப் போயிருப்பார்கள். பண்ருட்டிப் பக்கம் நேர்மாறு, அங்கே பலா சீசன், முந்திரி சீசன், பரீட்சை முடிந்த பையன் மண்டியில் லோடு ஏற்றப் போய் ரிசல்ட் வருவதற்குள் கையில் ஒரு மாதக் கூலியைப் பார்த்துவிடுகிறான். கடற்கரையில் காசில்லாததும், அந்தப் பக்கம் காசு கிடைப்பதும், இரண்டும் சேர்ந்து பிள்ளையை காலேஜ் பக்கம் திரும்பவிடாமல் பண்ணுகிற மாதம் அது.

அந்த மாதத்தில் நீங்கள் எங்கே? செமஸ்டர் முடிந்து லீவில். உங்கள் ஏழு நாள் சிறப்பு முகாம் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே, பிளஸ் டூ பிள்ளைகள் பிராக்டிகல், ரிவிஷன் என்று தலை நிமிராமல் இருக்கும்போது வந்துபோய்விடுகிறது. கோயில் குளத்தைச் சுத்தம் செய்கிறீர்கள், மரக்கன்று நடுகிறீர்கள், ஒரு மாலை முழுக்கப் பள்ளி மைதானத்தில் உயர்கல்வி பற்றிப் பேசுகிறீர்கள். கேட்பவர்கள் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும். யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்கள் வீட்டில் வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மே மாதம் யார் வருகிறார்கள் தெரியுமா? ஏஜென்ட் வருகிறார். ரிசல்ட் வந்த அன்றைக்குச் சாயங்காலமே வருகிறார், மார்க் கூட அவருக்குத் தெரிந்திருக்கும், எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பைக்கில் வந்து, அம்மா கையில் கலர் நோட்டீஸைக் கொடுத்து, 'சீட் ஃபில் ஆகுதும்மா, ஒரிஜினலைக் கொடுத்துட்டீங்கன்னா பிளாக் பண்ணிடலாம்' என்பார். ராசாப்பேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் டி.சி., மார்க் ஷீட் இரண்டும் இப்படித்தான் போயின, இரண்டாயிரம் ரூபாய் முன்பணமும் போனது. ஜூனில் அரசுக் கல்லூரியில் தரவரிசைப் பட்டியல் வந்தது, வேதியியலுக்குக் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டார்கள். ஒரிஜினல் வேண்டுமே. அந்தத் தனியார் கல்லூரியில் போய்க் கேட்டால், முதல் வருஷ ஃபீஸைக் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, விலகுகிற மாணவருக்குக் கட்டணத்தையும் எப்படித் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவிப்பு போட்டிருக்கிறது. நான் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்தார்கள், கடைசியில் டி.சி. கைக்கு வந்தது. அதற்குள் வேதியியல் நிரம்பிவிட்டது. இப்போது பி.ஏ. வரலாறு படிக்கிறாள். வரலாறு ஒன்றும் குறைந்த படிப்பில்லை, ஆனால் அவள் கேட்டது அதில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கு உங்களில் ஒருத்தர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'அத்தை, யாரு கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க' என்று சொல்லியிருந்தால் போதும். இதற்கு பேனர் வேண்டாம், மைக் வேண்டாம்.

லீவில் நீங்கள் இருப்பதும் உங்கள் ஊரில்தானே? இது எனக்கு ரொம்ப வசதியாகப் படுகிறது. தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியில் படிக்கிற பையன் வீடு குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருக்கும், சி.முட்லூர் அரசுக் கல்லூரியில் படிக்கிற பெண் வீடு பரங்கிப்பேட்டையில் இருக்கும், விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரிக்குச் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். பஸ்ஸில் ஏறி வேறு ஊருக்குப் போய் பேரணி நடத்தவே வேண்டாம். உங்கள் தெருவில், அடுத்த தெருவில், இந்த வருஷம் பிளஸ் டூ எழுதிய இரண்டு பேர். ஒருத்தருக்கு இரண்டு பேர் போதும், ஆனால் அந்த இரண்டு பேரை மே மாதம் பிடித்தால் ஆகஸ்ட், செப்டம்பர் வரை விடக் கூடாது.

என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டால், முதலில் ஃபோன் நம்பர். சிரிக்காதீர்கள். விண்ணப்பத்தில் கொடுத்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும், தகவல் வரும், கலந்தாய்வு நாள் வரும். அந்த நம்பர் அப்பாவுடையது, அப்பா கேரளாவில், ஃபோன் ரீசார்ஜ் தீர்ந்து கிடக்கிறது. இங்கே பிள்ளை என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரோ பக்கத்து போட் ஆள் நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கும், பத்து நிமிஷத்தில் ஓ.டி.பி. காலாவதி. அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும், இந்தப் பெயர்ச் சிக்கலில் மாட்டி, கூடப் படிக்கிற எல்லாருக்கும் பணம் ஏறி தனக்கு மட்டும் ஏறாமல் நிற்கிற பெண்கள் என் கடைக்கு டிசம்பர் வரை வருகிறார்கள். இதை ஏப்ரலிலேயே சரிபண்ணிவிடலாம், ஒரு ஆள் உட்கார்ந்து மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்.

அப்புறம் சான்றிதழ்கள். இ-சேவையில் ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய், பணம் பெரிசில்லை, நாள்தான் பெரிசு. முதல் பட்டதாரிச் சான்று வாங்கிவைத்தால் எந்தக் காலேஜில் சேர்ந்தாலும் ஃபீஸ் குறையும் என்று நிறைய வீடுகளில் நினைக்கிறார்கள். அந்தச் சலுகை தொழிற்கல்விக்கு, அதுவும் கவுன்சலிங் வழியாகப் போனால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, அப்புறம் சான்றோடு ஓடி வந்து பயனில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் இவற்றில் 2021-லிருந்து 7.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு பார்த்துக்கொள்ளும். இதுவும் பாதிப் பேருக்குக் காதோடு சரி. ஒரு அப்பா, 'அதெல்லாம் டாக்டருக்குத்தானேம்மா' என்றார்.

அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இவ்வளவு மலிவாக ஒரு கதவு திறந்திருக்கும்போது, மொத்த மார்க் குறைவு என்று தானாகவே ஒதுங்கிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை வைத்தும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கை வைத்தும்தான் தரவரிசை போடுகிறார்கள். கணக்கிலும் இயற்பியலிலும் தட்டுத் தடுமாறிப் பாஸான பையன் தமிழில் தொண்ணூறுக்கு மேல் வைத்திருப்பான், தமிழ்ப் பட்டியலில் மேலே நிற்கக்கூடியவன், அவனுக்கே அது தெரியாது. நீங்கள் அந்த வரிசையில் நின்றுதானே உள்ளே போனீர்கள்? உங்களுக்குத் தெரியுமே.

இன்னொன்றும் உறுத்துகிறது. கடலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் உயிரியல் என்று ஒரு படிப்பு இருப்பதும், அதற்குப் பேர்போன அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம் இதே மாவட்டத்தில் பரங்கிப்பேட்டையில் இருப்பதும் தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருப்பது தெரியவில்லை. பாண்டிச்சேரி காலேஜ் எல்லாம் தெரிந்திருக்கும், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் என்பதால். அங்கே சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழு வழியாகக் கிடைக்கிற அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பெரும்பாலும் புதுச்சேரிக் குடியிருப்பு உள்ளவர்களுக்குத்தான் என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், கடைசியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வட்டிக்கு வாங்குவார்கள்.

அரசும் சும்மா இல்லை. நான் முதல்வன் திட்டத்தில் 'கல்லூரிக் கனவு' என்று நடத்துகிறார்கள், எங்கேயும் சேராமல் விட்டுப்போனவர்களுக்காக 'உயர்வுக்குப் படி' என்று முகாம் போடுகிறார்கள். நல்ல முகாம்கள். ஆனால் முகாமுக்கு வருகிற பிள்ளை ஏற்கெனவே பாதி வந்த பிள்ளை. வராத பிள்ளையின் வீடு எது என்று அதிகாரிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், அவன் தம்பி உங்களோடு கிரிக்கெட் ஆடுகிறான்.

வீட்டுக்குப் போனால் அப்பாக்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள். 'படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா தம்பி?' இதற்கு கலெக்டர் ஆகலாம், விஞ்ஞானி ஆகலாம் என்று ஆரம்பித்தீர்கள் என்றால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. பி.இ. முடித்துவிட்டு சிப்காட்டில் கான்ட்ராக்டில் போகிற பையனை அவர் தினமும் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறார். உங்களில் ஒரு தம்பி போன வருஷம் என் கடை வாசலிலேயே ஒரு அப்பாவுக்குப் பதில் சொன்னதைக் கேட்டேன். 'உறுதின்னு என்னால சொல்ல முடியாது மாமா. எங்கண்ணன் பி.காம். முடிச்சு ரெண்டு வருசம் சும்மா இருந்துச்சு, இப்ப ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல பதினாலாயிரம் வாங்குது. ஆனா அது எழுதிக் குடுக்குற பேப்பரை வச்சுத்தான் எங்க தெருவுல நாலு பேரு பேங்க் லோன் வாங்குறாங்க.' அந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பையனைப் பார்த்து 'சரி, ஃபாரத்தைப் போடு' என்றார். இதைவிட நல்ல பேச்சு எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

பெண் பிள்ளைகள் வீட்டில் கேள்வி வேறு. அம்மாவுக்கு வேலை பற்றிக் கவலையில்லை, பஸ் பற்றித்தான். எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணிக்குத் திரும்பும், இறங்கி எவ்வளவு தூரம் நடக்கணும், கூட யார் வருவாங்க. அதே ஊரிலிருந்து காலேஜ் போகிற ஒரு தங்கை பக்கத்தில் உட்கார்ந்து 'நான் ஏழே முக்கால் பஸ்ல போறேன் அத்தை, நம்ம ஊர்லேர்ந்து மூணு பேரு போறோம், டவுன் பஸ் நமக்கு ஃப்ரீதான், நாலரைக்கெல்லாம் வந்துடுவோம், முதல் வாரம் நானே கூட்டிட்டுப் போறேன்' என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அதனால் தங்கைகளே, இந்த வேலையில் பாதிக்கு மேல் உங்களை நம்பித்தான் இருக்கிறது.

கிள்ளைப் பக்கமும் மற்ற ஊர்களிலும் இருக்கிற இருளர் குடும்பங்களை மறந்துவிடாதீர்கள். அங்கே பிளஸ் டூ வரை வருவதே பெரும்பாடு, வந்த பிள்ளைக்கு எஸ்.டி. சான்று இருக்காது. மற்ற சாதிச் சான்று மாதிரி தாசில்தாரோடு முடிவதில்லை அது, கோட்டாட்சியர் வரை போக வேண்டும், விசாரணை உண்டு, அப்பா அம்மாவிடம் பழைய சான்று இருக்கிறதா என்பார்கள், இருக்காது. மே மாதம் ஆரம்பித்தால் அட்மிஷனுக்குள் வராது. இங்கே மட்டும் நான் சொன்ன மாதக் கணக்கு செல்லாது, பத்தாம் வகுப்பிலேயே போய் ஆரம்பிக்க வேண்டும். ஒரு குழு இதையே பிடித்துக்கொண்டால் நல்லது.

ஃபெயிலானவர்களையும் விடாதீர்கள். துணைத் தேர்வு எழுத வையுங்கள். அதுவும் வேண்டாம் என்கிறவனிடம் ஐ.டி.ஐ. பற்றிப் பேசுங்கள், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம், அங்கிருந்து பொறியியலில் இரண்டாம் வருஷம் சேரலாம். சுற்றுவழிதான், ஆனாலும் வழி.

சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். முதல் செமஸ்டர்தான் ஆபத்து. தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளை வகுப்பில் ஒன்றும் புரியாமல் முழிக்கும், பையன்கள் ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய் கல்யாண மண்டபத்தில் பரிமாறிவிட்டு விடியற்காலை வீட்டுக்கு வந்து படுப்பார்கள், அட்டெண்டன்ஸ் போகும், இரண்டு அரியர் விழும், பொங்கல் லீவுக்கு வந்தவன் திரும்பிப் போக மாட்டான். யாரிடமும் சொல்லவும் மாட்டான். உங்களிடம் வேண்டுமானால் சொல்வான், ஏனென்றால் உங்களுக்கும் அரியர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

பேராசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்பது கணக்கு. அதில் மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு பிள்ளையோடு அலைந்த நேரத்தையும் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் கேட்பது. போட்டோ இருக்காது. தாலுகா ஆபீஸ் மரத்தடியில் டோக்கனோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதை ஜியோ டேக் பண்ணி என்ன செய்வது? கல்லூரியின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) குழு வரும்போது காட்ட ஃபைல் வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள், அந்தக் கஷ்டம் எனக்கும் புரிகிறது, அந்த ஃபைல்களுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுப்பதும் நான்தான். போட்டோவுக்குப் பதில் சேர்ந்த பிள்ளையின் அட்மிஷன் ரசீது ஜெராக்ஸை வையுங்களேன், அதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? பக்கத்து மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஏப்ரலிலேயே பேசி, பிள்ளைகளின் ஊர்வாரியான பட்டியலை வாங்கித் தருவதும் உங்களால்தான் முடியும், மாணவர்கள் போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது.

என் பங்குக்கு, மே, ஜூன் இரண்டு மாதமும் இரவு எட்டு மணிக்கு மேல் என் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் உங்களுக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, நிதானமாக உட்கார்ந்து, பேசி முடிவு பண்ணி, நீங்களே விண்ணப்பத்தைப் போடுங்கள். நெட், கரண்ட் என் செலவு. பிரிண்ட்டுக்கு மட்டும் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்துவிடுங்கள், டோனர் விலை ஏறிவிட்டது.

இப்படிக்கு,
முதுநகர் ஜெராக்ஸ் கடை அக்கா